வடவெல்லை வளர்ந்த வரலாறு



நான் வாழ்வது சென்னையின் தென்பகுதியில், கடலோரத்தே அமைந்த பாலவாக்கம் என்னும் ஊரில். இவ்வூர் இருந்த இடத்தை விட்டு ஓர் அடியும் நகர்ந்ததில்லை. கிழக்கே அதே கடல். மேற்கே அதே பக்கிங்காம் கால்வாய். ஆயினும் என் வாழ்நாளுக்குள்ளேயே இவ்வூர் மூன்று மாவட்டங்களைக் கண்டுவிட்டது. முதலில் இது செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்ததாயிற்று. 2011இல் ஊராட்சி என்னும் நிலை நீங்கி, சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் சென்னை மாவட்டத்திற்கே உரியதாயிற்று. ஊர் அசையவில்லை, கோடுகளே அசைந்தன.

மாவட்டக் கோடு மாறினால் நமக்குப் பெருந்துன்பம் ஒன்றுமில்லை. எந்த அலுவலகத்திற்கு மனுவோடு செல்வது என்பது மாறும், அவ்வளவே. ஆனால் மாநிலத்திற்கும் மாநிலத்திற்கும் இடையேயுள்ள கோடு மாறினாலோ, பள்ளியில் பயிலும் மொழி மாறும். நீதிமன்றத்தின் மொழி மாறும். பேருந்தின் பெயர்ப்பலகை மாறும். ஒரு குழந்தையின் எதிர்காலமே திசை மாறக்கூடும். அத்தகைய எல்லைப் பகுதி ஒன்று நமக்கு மிக அருகில், சென்னையிலிருந்து புகைவண்டியில் இரண்டு மணி நேரத்தில் சென்றடையத்தக்க தொலைவில் உள்ளது. அதுவே நம் வடவெல்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், திருக்காளத்தி, சத்தியவேடு, பழவேற்காடு ஆகிய ஊர்களைத் தழுவிக் கிடக்கும் அந்நிலப்பரப்பு இரண்டாயிரம் ஆண்டுகளாக எவ்வாறு உருமாறி வந்தது என்பதையும், அம்மாற்றத்தை ஒரு படத்தில் எவ்வாறு வரைந்து காட்டலாம் என்பதையும் இன்று ஆராய்வோமாக.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். இன்று எல்லை என்றால் நம் மனத்தில் தோன்றுவது ஒரு கோடு. பண்டைக் காலத்தில் எல்லை என்பது கோடு அன்று. அது ஒரு பரப்பு. இருண்ட மண்டபம் ஒன்றில் இரண்டு விளக்குகளைத் தொலைவாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விளக்கின் அருகிலும் ஒளி மிகுதி. அகல அகல ஒளி மங்கும். இடையே ஓரிடத்தில் இரண்டு ஒளிகளும் கலந்து நிற்கும். இவ்விடத்தில் இந்த விளக்கின் ஒளி முடிந்தது, அந்த விளக்கின் ஒளி தொடங்கியது என்று சுண்ணாம்புக் கோடு கிழிக்க எவராலும் இயலாது. பழைய அரசுகள் அவ்விளக்குகளைப் போன்றவை. காஞ்சியிலோ தஞ்சையிலோ வேங்கியிலோ இருந்த அரசனின் ஆணை தலைநகரத்தை அடுத்து வலிமையுடன் இருந்தது, தொலைவில் தளர்ந்தது. இடைப்பட்ட நிலத்தில் குறுநில மன்னர் இன்று ஒருவருக்கும் நாளை மற்றொருவருக்கும் திறை செலுத்தி வாழ்ந்தனர்.

இப்படிப்பட்ட நிலத்தை ஒரே தாளில் வரைந்து காட்ட இயலாது. ஆகவே என் மாணவர்களுக்கு நான் ஒரு முறையைச் சொல்லிக் கொடுப்பதுண்டு. கீழுள்ளது மேலே தெரியும்படியான மெல்லிய தாள்கள் ஐந்தினை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியை மட்டும் வரையுங்கள். பின்னர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியில் பிடித்துப் பாருங்கள். இக்காலத்தில் இதனைக் கணிப்பொறியிலும் செய்யலாம், முறை ஒன்றே.

முதல் தாளில் மலையையும் ஆற்றையும் வரைக. வடக்கே திருப்பதி மலைத்தொடர். அதற்குத் தெற்கே நகரி மலைகள். கடலில் வந்த மாலுமிகளுக்கு நகரி மலையின் மூக்கு போன்ற கொடுமுடி தொலைவிலேயே தோன்றும் அடையாளமாக விளங்கியது. பொன்முகலியாறு திருக்காளத்தியைத் தொட்டுக்கொண்டு கடலை நோக்கி ஓடுகிறது. ஆரணியாறும் கொசத்தலையாறும் மேற்கே உயர்ந்த நிலத்தில் தோன்றிக் கிழக்கே இறங்குகின்றன. கடலோரத்தில் பழவேற்காட்டு ஏரி நீண்டு கிடக்கிறது. இப்படத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இமயத்தைப் போலக் குறுக்கே நின்று மறிக்கும் மதில் எதுவும் இங்கு இல்லை. மலைகளுக்கு இடையே அகன்ற வழிகள் உள்ளன. இன்று அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதை அத்தகைய வழி ஒன்றிலேதான் செல்கிறது. வழி இருக்குமிடத்தில் மக்கள் நடப்பர். மக்கள் நடக்குமிடத்தில் மொழிகள் கலக்கும். இயற்கையே இந்நிலத்தைக் கலப்பு நிலமாகப் படைத்திருக்கிறது எனலாம்.

இரண்டாம் தாள் எழுத்துச் சான்றுகளுக்கு உரியது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் கூறுகிறது. சங்கப் புலவர் மாமூலனார் வேங்கடத்தையும் அதனை ஆண்ட புல்லி என்னும் தலைவனையும் பாடியுள்ளார். பொருள் தேடிச் செல்லும் தலைவன் அம்மலையைக் கடந்து, வேற்றுமொழி வழங்கும் நாட்டிற்குள் புகுவதாகச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஆகவே வேங்கடத்தை ஒட்டி மொழி மாறுகிறது என்னும் உணர்வு மிகப் பழமையானது. ஆனால் அது ஒரு மலை. ஒரு மதில் அன்று. அம்மலையில் ஏறுவோரும் இறங்குவோரும் இருந்தனர் என்பதையும் அப்பாடல்களே நமக்குச் சொல்கின்றன.

பல்லவர் காலத்திற்கு வருவோம். காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவரின் தொடக்ககாலச் செப்பேடுகளுள் ஒன்று, இன்றைய ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியைச் சேர்ந்த மயிதவோலு என்னுமிடத்தில் கிடைத்தது. அது காஞ்சியிலிருந்து தான்யகடகத்து அதிகாரிக்கு விடுக்கப்பட்ட ஆணை, எழுதப்பட்ட மொழியோ தமிழும் அன்று, தெலுங்கும் அன்று, பிராகிருதம். அரசின் எல்லையும் மொழியின் எல்லையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தவர்க்கு இருந்ததில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

சோழர் காலத்தில் தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் என்னும் பெயர் பெற்றது. இம்மண்டலத்தில் 24 கோட்டங்கள் இருந்தன என்பது வழிவழி வந்த செய்தி. நம் மயிலாப்பூர் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்தது. திருப்பதியோ திருவேங்கடக் கோட்டத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒரே மண்டலத்தின் உறுப்புகள். திருக்காளத்திக்கு அருகில் தொண்டைமானாற்றூர் என்னும் ஊர் இருக்கிறது. முதலாம் ஆதித்த சோழன் அங்குதான் உயிர் நீத்தான். அவன் மகன் முதலாம் பராந்தகன் தந்தையின் நினைவாக அங்கே ஒரு கோயில் எடுத்தான். காவிரிக் கரையில் பிறந்த சோழ வேந்தனின் நினைவுக் கோயில் இன்று ஆந்திர மண்ணில் நிற்கிறது. திருமலைக் கோயிலின் சுவர்களிலும் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன. கிருட்டிணதேவராயர் அக்கோயிலுக்குப் பலமுறை வந்து வழங்கிய கொடைகளைக் குறிக்கும் கல்வெட்டுகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொறிக்கப்பட்டன. ஒரே மன்னர், ஒரே கோயில், மூன்று மொழிகள்!

திருக்காளத்தியையும் எண்ணிப் பாருங்கள். கண்ணப்ப நாயனார் கண்ணை அப்பிய தலம் அது. தேவாரம் பாடிய மூவரும் அத்தலத்தைப் பாடியுள்ளனர். அதே இறைவனைத்தான் பதினாறாம் நூற்றாண்டில் தூர்சடி என்னும் பெருங்கவிஞர் தெலுங்கில் நூறு செய்யுட்களால் பாடிச் சதகம் இயற்றினார். தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோரும் தெலுங்கு இலக்கிய வரலாற்றை எழுதுவோரும் அவ்வூரை விட்டுவிட்டு எழுத முடியாது.

மூன்றாம் தாளில் ஆட்சிகளை வரைக. இங்கே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து படம் கறுத்துப் போகும். முதலாம் இராசராச சோழன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவர்களின் மகன் இராசராச நரேந்திரன், முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். இராசராச நரேந்திரனின் அவையிலேதான் நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். அவனுடைய மகனே 1070ஆம் ஆண்டில் சோழ அரியணையில் ஏறிய முதலாம் குலோத்துங்கன். தெலுங்கின் முதற்பெருங்காப்பியத்திற்குப் புரவலனாய் இருந்த தந்தையின் மகன், தமிழ்நாட்டின் பேரரசன்! இவனைத் தமிழன் என்பதா, தெலுங்கன் என்பதா? அக்காலத்தில் இவ்வினாவை எழுப்பியிருந்தால் அவையோர்க்கு அது விளங்கியே இருக்காது.

சோழப் பேரரசு தளர்ந்தபின் நெல்லூரிலிருந்து ஆண்ட தெலுங்குச் சோழர் காஞ்சி வரையிலும் அதிகாரம் செலுத்தினர். அவர்களுள் மனுமசித்தியின் அவையில் திக்கனர் இருந்தார். நன்னயர் தொடங்கிய பாரதத்தைப் பெரும்பகுதி பாடியவர் அவரே. பின்னர் விசயநகரப் பேரரசு தோன்றியது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் அப்பேரரசு தோல்வியுற்றபின் அதன் தலைநகர் பெனுகொண்டாவுக்கும், பின்னர் சந்திரகிரிக்கும், வேலூருக்கும் மாறி வந்தது. அதாவது, ஒரு காலத்தில் எல்லையாக இருந்த நிலமே பேரரசின் நடுவிடமாக ஆயிற்று. எல்லைப் பகுதி என்பது எப்பொழுதும் ஓரத்திலேயே இருக்கும் என்று எண்ணுதல் பிழை.

அச்சந்திரகிரி அரசின் கீழிருந்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர்தாம் 1639ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்குக் கடற்கரையில் ஒரு மணல் திட்டை வழங்கினார். அங்கே எழுந்ததே புனித சார்ச்சுக் கோட்டை. அந்நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயரே சென்னப்பட்டினம் என்னும் பெயருக்கு மூலம் என்பர். ஆகவே சென்னை நகரமே வடவெல்லைப் பகுதியின் அரசியலிலிருந்து பிறந்தது. அந்நகரம் வளர்ந்தபோது தெற்கிலிருந்து தமிழரும் வடக்கிலிருந்து தெலுங்கரும் வந்து குடியேறினர். நூறு ஆண்டுகளுக்குப் பின் அல்ல, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இருசாராரும் இந்நகரம் தம்முடையது என்று உரிமை கொண்டாட நேர்ந்ததன் வித்து அங்கே இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. விளக்கொளி போலிருந்த எல்லை, நில அளவைச் சங்கிலியால் அளக்கப்பட்ட கோடாக மாறியது. ஆனால் அக்கோடுகள் வரி வசூலின் வசதிக்காக வரையப்பட்டவை. மொழியை நோக்கி வரையப்பட்டவை அல்ல. வட ஆர்க்காடு மாவட்டத்திற்குச் சித்தூரே தலைநகராக இருந்தது. 1911ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில், வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களையும், சில சமீன் நிலங்களையும் ஒன்று சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினர். தமிழ் பேசும் ஊர்களும் தெலுங்கு பேசும் ஊர்களும் அம்மாவட்டத்தில் ஒருங்கே அடங்கின. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தவரையில் இதனால் இடர் தோன்றவில்லை. வீடு ஒன்றாக இருக்கும்போது எந்த அறை யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

வீடு பிரிந்தபோதுதான் வினா எழுந்தது. 1913இல் பாபட்லாவில் கூடிய ஆந்திர மகாசபையிலிருந்தே தெலுங்கர்க்குத் தனி மாகாணம் வேண்டும் என்னும் குரல் ஓங்கி வந்தது. நாடு விடுதலை பெற்றபின் அக்குரல் வலுத்தது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், பொட்டி சிறீராமுலு அவர்கள் மயிலாப்பூரில் ஒரு வீட்டில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவர் சென்னையிலேயே பிறந்தவர். 58 நாட்கள் நோன்பிருந்து, டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். சில நாட்களில் ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று தலைமையமைச்சர் நேரு அறிவித்தார். சென்னை யாருக்கு என்னும் வினா அப்போது நகரையே உலுக்கியது. ஒரு சாரார் ‘மதராசு மனதே’ என்றனர். மறு சாரார் ம. பொ. சிவஞானம் அவர்களின் தலைமையில் தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்றனர். முடிவில் சென்னை நகரம் சென்னை மாநிலத்திலேயே நின்றது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது.

ஆயினும் சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தில் சேர்க்கப்பட்டது. மாவட்டத்தைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பக்கம் சேர்ப்பது அரசுக்கு எளிது. ஆனால் அதனுள் வாழ்ந்த தமிழ் ஊர்களுக்கு அது எளிதாயில்லை. வடவெல்லை ஊர்களில் அலைந்து தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் இப்போராட்டத்திற்கு முன்னின்றார். ம. பொ. சி. அவர்கள் சிறை சென்றார். இறுதியில் எச். வி. படாசுகர் என்பார் நடுவராக அமர்த்தப்பட்டார். அவர் 1957இல் வழங்கிய தீர்ப்பின் நெறியை மாணவர்கள் நன்கு மனத்தில் கொள்ளுதல் வேண்டும். மாவட்டத்தை அலகாகக் கொள்ளாமல், சிற்றூரை அலகாகக் கொள்வது. அச்சிற்றூரில் பெரும்பான்மையோர் பேசும் மொழியை நோக்குவது. நிலம் இடையறாது தொடர்கிறதா என்று பார்ப்பது. இதன்படி 1959ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் திருத்தணி வட்டமும், புத்தூர், சித்தூர் வட்டங்களின் சில பகுதிகளுமாக முந்நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் சென்னை மாநிலத்திற்கு வந்தன. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு முதலிய பகுதிகளும், சேலம் மாவட்டத்தின் சில ஊர்களும் ஆந்திரத்திற்குச் சென்றன. கத்தி வீச்சில் இல்லாமல், கணக்கெடுப்பும் சட்டமும் கொண்டு இரு மாநிலங்கள் ஊர்களை மாற்றிக்கொண்டமை உலக வரலாற்றில் எளிதாகக் காணத்தக்கதன்று.

இந்த மாற்றங்களை எல்லாம் ஒருவருடைய பிறந்த ஊரை வைத்தே விளக்கிவிடலாம். நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருட்டிணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். அப்போது திருத்தணி வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டத்தில். 1953இல் ஆந்திர மாநிலத்தில். 1960இல் செங்கற்பட்டு மாவட்டத்தில். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில். அவர் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடும்போது, அவரை எந்த மாநிலத்தவர் என்று குழந்தைகள் கேட்டால், ஆசிரியர்கள் சற்று நின்று விடை கூறுவது நலம்.

நான்காம் தாள் பேச்சு மொழிக்கு உரியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர் தெலுங்கைத் தாய்மொழியாகக் குறித்துள்ளனர். கோட்டுக்கு வடக்கே நகரியிலும் சித்தூரிலும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். ஊர்ப் பெயர்களும் இதற்குச் சாட்சி. நகரிப் பகுதியில் ஒரு புகைவண்டி நிலையத்தின் பெயர் ஏகாம்பரகுப்பம்; அது இருப்பது ஆந்திரத்தில். இப்பாலோ, கண்டிகை என்று முடியும் ஊர்ப் பெயர்களைத் திருவள்ளூர் மாவட்டத்தில் நிறையக் காணலாம், அப்பாலும் அவ்வாறே.

இத்தாளை வரையும்போது எனக்கு ஓர் இளைஞனின் முகம் நினைவுக்கு வருகிறது. என் பணியின் தொடக்கக் காலத்தில் வடவெல்லையை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் தமிழ்நாட்டின் படத்தை வரைந்து, வடக்கே வெண்கட்டியால் அழுத்தமாக ஒரு கோடு இழுத்து, “இதற்கு மேலே தெலுங்கு பேசுவார்கள், கீழே தமிழ் பேசுவார்கள்” என்று கூறினேன். பின் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சார், எங்க அவ்வா வீடு கோட்டுக்கு மேல இருக்குது. அந்தத் தெருவுல எல்லாரும் தமிழ்தான். எங்க வீடு கீழ இருக்குது. நாங்க வீட்டுல தெலுங்குதான் பேசுறோம். நீங்க கோட்டைத் தலைகீழாப் போட்டுட்டீங்களா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அச்சிரிப்போடு அது முடிந்திருந்தால் இன்று அதனை உங்களிடம் சொல்ல வேண்டிய தேவை இராது. அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் அவன் எழுதிய கட்டுரையில் சொற்கள் தமிழாகவும், வாக்கிய அமைப்பு பல இடங்களில் தெலுங்காகவும் இருந்தன. நான் சிவப்பு மையால் பக்கம் முழுவதும் அடித்து, வகுப்பின் முன் படித்துக் காட்டினேன். அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். மறு ஆண்டில் கோட்டுக்கு அப்பால் பாட்டியின் ஊரில் ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டான் என்றும், தெலுங்கில் பேச அறிந்தவனே ஆயினும் எழுத அறியாமையால் இரண்டு வகுப்புகள் கீழே அமர்த்தப்பட்டான் என்றும் அவன் உறவினர் வாயிலாகக் கேள்வியுற்றேன். இரண்டு மொழிகளை உடையவனாக வந்த சிறுவன், இரண்டு எழுத்துகளிலும் தோற்றவனாக ஆனான். அதற்கு நான் வரைந்த கோடும் ஒரு காரணம். ஆசிரியப் பயிற்சியில் எல்லைகளை எவ்வாறு வரைவது என்று கற்றிருந்தேன். எல்லையில் வாழும் குழந்தையை எவ்வாறு பார்ப்பது என்று நான் கற்றிருக்கவில்லை.

இத்தவறு நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு நாட்டிற்கும் செருமனிக்கும் இடையே அல்சேசு என்னும் எல்லை மாநிலம் உள்ளது. 1871 முதல் 1945 வரையுள்ள காலத்தில் அது நான்கு முறை கைமாறியது. அல்போன்சு தோதே என்பார் எழுதிய ‘கடைசிப் பாடம்’ என்னும் கதையை உங்களுள் சிலர் மேனிலை வகுப்பு ஆங்கில நூலில் படித்திருப்பீர்கள். செருமானியர் ஆணையால் பிரெஞ்சு மொழி நிறுத்தப்படும் நாளில், ஓர் ஆசிரியர் மனமுருகித் தம் இறுதிப் பாடத்தை நடத்துகிறார். நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் அக்கதை சொல்லாது விட்ட செய்தி ஒன்றுண்டு. அல்சேசின் பெரும்பாலான சிற்றூர்க் குழந்தைகள் வீட்டில் பேசியது பிரெஞ்சு அன்று. செருமானிய இனத்தைச் சார்ந்த அல்சேசு வழக்கே. பாரிசும் பெர்லினும் அக்குழந்தைகளுக்காக மாறி மாறிக் கண்ணீர் வடித்தன. அவர்கள் வீட்டு மொழி யாது என்று இரண்டும் முறையாகக் கேட்கவில்லை. இன்று அம்மாநிலத்தின் தலைநகரான திராசுபூர் ஐரோப்பிய நாடுகள் கூடிப் பேசும் மன்றங்களின் இருப்பிடமாக இருக்கிறது என்பதையும் கூறுதல் வேண்டும். போரிட்ட எல்லையே பேசும் இடமாகவும் மாறலாம்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாட்டில் வாழும் குழந்தை தமிழ் கற்றல் இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வேளையில், அக்குழந்தையின் வீட்டு மொழிக்கும் வகுப்பறையில் ஓரிடம் இருக்க வேண்டும். கோட்டுக்கு வடக்கே வாழும் தமிழ்க் குழந்தைக்கு நாம் எதனைக் கேட்கிறோமோ, தெற்கே வாழும் தெலுங்குக் குழந்தைக்கும் அதனைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் ஆவோம். வள்ளுவரைப் படித்த நமக்கு நடுவுநிலை என்பதை வேறு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐந்தாம் தாளே எஞ்சியுள்ளது. இதில் மக்களின் போக்குவரத்தை வரைக. ஆடிக் கிருத்திகையன்று கோட்டைத் தாண்டிக் காவடிகள் திருத்தணிக்கு வருகின்றன. புரட்டாசியில் சென்னையிலிருந்து திருக்குடைகள் கால்நடையாகத் திருமலைக்குச் செல்கின்றன. மார்கழி வைகறையில் திருமலையில் சுப்பிரபாதத்திற்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. மலை ஆந்திரத்தில், பாவை தமிழில். பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் உள்ளது. ஏரியின் மீன்களுக்கு அக்கோடு தெரியாது. ஆனால் வலை வீசுவோர்க்கு அக்கோட்டினால் பூசல் நேர்ந்ததுண்டு. எங்கே கோயில் இணைக்கிறதோ அங்கேயே பிழைப்பு பிரிக்கவும் கூடும். இரண்டையும் படத்தில் குறித்தல் வேண்டும். இனியதை மட்டும் குறித்தால் அது வரலாறு ஆகாது.

நீரையும் மறவாதீர்கள். 1983ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கிருட்டிணை ஆற்று நீர் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டைக்கு அருகே எல்லையைக் கடந்து பூண்டி ஏரிக்கு வருகிறது. மகாராட்டிரமும் கருநாடகமும் ஆந்திரமும் தத்தம் பங்கிலிருந்து விட்டுக் கொடுத்த நீர் அது. 1996இல் அந்நீர் முதன்முதலாகப் பூண்டியை வந்தடைந்தது. ஒரு காலத்தில் ‘யாருக்குச் சென்னை?’ என்று வழக்காடியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று சென்னையின் தாகத்தைத் தணிக்கத் தண்ணீர் அனுப்புகின்றனர். கோடு இன்னமும் இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு கால்வாயும் ஓடுகிறது.

இப்போது ஐந்து தாள்களையும் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். கோடு எங்கே இருக்கிறது? மூன்றாம் தாளில் மட்டுமே அது கறுப்பாக இருக்கிறது. அதுவும் 1911இல் ஓரிடத்தில், 1960இல் மற்றோரிடத்தில். 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது உள்கோடுகள் மீண்டும் மாறின. மற்ற நான்கு தாள்களிலும் இருப்பது கோடு அன்று. ஒன்றோடொன்று கலந்த வண்ணம். ஆட்சிக்குக் கோடு தேவை. அது இல்லையேல் வரி, பள்ளி, நீதி எதுவும் நடவாது. ஆகவே கோட்டை இகழ வேண்டுவதில்லை. ஆனால் கோடு என்பது மனிதர் ஒரு நாளில் ஒரு பயன் கருதிச் செய்த ஏற்பாடு என்பதையும், அதற்கு முன்பும் பின்பும் அங்கு மக்கள் வாழ்கின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

மாணவர்களே, விடுமுறையில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் சென்று நான்கு வினாக்களைக் கேளுங்கள். தாங்கள் பிறந்தபோது தங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது? தங்கள் பாட்டி எந்த மொழியில் எண்ணினார்? எந்த ஊரில் பெண் கொண்டனர், எந்த ஊருக்குப் பெண் கொடுத்தனர்? எந்தத் திருவிழாவிற்கு நடந்து சென்றனர்? விடைகளை ஒரு படத்தில் குறியுங்கள். நூலகத்தில் கிடைக்கும் படத்தில் இல்லாத பல உண்மைகள் அதில் தோன்றும்.

அன்று என் வகுப்பில் எழுந்து நின்ற அம்மாணவன் கேட்டதும் அத்தகைய உண்மையே. கோட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்களா என்றான். அவனுக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை இதுதான்: “இல்லை தம்பி, கோடு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் வீட்டையும் உன் அவ்வா வீட்டையும் வரையாமல் விட்டுவிட்டேன். நீ வந்து வரைந்து காட்டு.” அன்று வெண்கட்டியை அவன் கையில் கொடுக்கத் தவறினேன். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவன் எழுந்து கேட்டால், நீங்கள் அவனிடம் வெண்கட்டியைக் கொடுங்கள்.